ஃபோர்மேன் அக்காவின் கணக்கு

ஜூலை 12

என் வாலுவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் விடுதியின் நாலு மாடிப் படிகளைப் பற்றி ஓயாமல் முணுமுணுக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் பிடித்த சளி விட்டதா?

முதல் நாள் கூத்தைக் கேள். வகுப்பறைக்குள் நுழைந்தேன். அறுபது பிள்ளைகளும் படபடவென்று எழுந்து, "குட் மார்னிங் மேடம்" என்று ஒரே குரலில் பாடினார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. "உக்காருங்கப்பா, நானும் உங்ககூடப் படிக்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். அறுபது தலையும் நின்றபடியே என்னோடு திரும்பின. அப்புறம் ஒரு பையன் பக்கத்திலிருந்தவனிடம், "அப்போ உக்காரலாமாடா?" என்று கேட்டான் பார், சிரிப்பு அடங்கவே பத்து நிமிடமாயிற்று. அதற்குள் கணக்கு விரிவுரையாளர் வந்துவிட்டார். என்னைவிட எட்டு வயதாவது இளையவர். என்னைப் பார்த்ததும், "எந்தப் பையனோட அம்மா நீங்க? பாக்கணும்னா ஆபீஸ்ல சொல்லிட்டு வரணுமே" என்றார். மறுபடியும் பத்து நிமிடம்.

அறைத்தோழிக்குப் பதினெட்டு வயது, உன்னைவிட ஒன்றுதான் கூட. முதல் நாள் அம்மாவை நினைத்து அவள் அழுதாள், நான் தேற்றினேன். மறுநாள் உன்னை நினைத்து நான் அழுதேன், அவள் தேற்றினாள். இப்போது இருவரும் சரியாகிவிட்டோம்.

பிஸ்கட் கம்பெனியில் நல்ல ஃபிட்டர் வேலையை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வயதில் மெக்கானிக்கல் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நேரில் சொல்ல வரவில்லை, எழுதிவிடுகிறேன். பொட்டலம் கட்டும் மெஷினில் ஒரு ஷாஃப்ட், சுழலும் இரும்புத் தண்டு, வருடத்துக்கு ஒரு தடவை ஒடியும். எப்போதும் ஒரே இடத்தில். "ஏன் சார் இதே எடத்துல ஒடியுது?" என்று இன்ஜினியரைக் கேட்டேன். "சொன்னா உனக்குப் புரியாதும்மா, மாத்திப் போடு" என்றார். பதினாறு வருடமாக மாற்றிப் போட்டிருக்கிறேன். ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். கம்பெனி நாலு வருடம் விடுப்புத் தந்திருக்கிறது. எந்த வருடமும் எந்தப் பாடத்திலும் தவறக் கூடாது என்பது நிபந்தனை.

இங்கே தொலைபேசி ஒன்றே ஒன்று, வார்டன் மேசையில். நாம் பேசுவதற்கு அவர் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார். ஆகவே கடிதம்தான்.

நான் புறப்பட்ட அன்று உன் அப்பா டியூட்டியை மாற்றிக்கொண்டு பஸ் ஓட்டப் போய்விட்டார். ஊர் சிரிக்கும் என்று அதுவரை சண்டை போட்டவர், அன்று "நாப்பத்தொரு வயசுல ஹாஸ்டலா?" என்று கேட்டதோடு சரி. வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவரிடம் சொல். கேட்டால் சொல். கேட்காவிட்டாலும் சொல்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா


ஜூலை 24

அன்பு அம்மாவுக்கு,

சளி போயே போய்விட்டது. உன் முழங்காலுக்கு என் ஆறுதலைச் சொல்.

அறுபது பேரும் எழுந்து நின்றதை என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். எங்கள் ஆசிரியைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணாடி கழன்றுவிட்டது.

வீட்டுச் செய்தி: அப்பா சமைக்கிறார். திங்கள் முட்டை, செவ்வாய் முட்டை, புதன் மாறுதலுக்காக வேகவைத்த முட்டை. வியாழக்கிழமை காய்கறி வாங்கி வந்து, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முட்டை பொரித்தார். நான் வாய் திறக்கவில்லை. வாணலியோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகக் கூடாது.

நீ சொன்னதைச் சொன்னேன். "ம்" என்றார். அப்பா நன்றாக இருக்கிறார்.

எல்லாப் பாடத்தையும் பற்றி எழுது. முக்கியமாகக் கணக்கு. நானும் இந்த வருடம் அதைத்தான் படிக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உன் வாலு


ஆகஸ்ட் 20

என் வாலுவுக்கு,

சுகம். முழங்கால் படியோடு ராசியாகிவிட்டது. தினம் முட்டை தின்று உனக்கு இறக்கை முளைப்பதற்குள் அப்பாவுக்குப் பருப்பு வேகவைக்கக் கற்றுக்கொடு.

எனக்கு இங்கே பட்டப்பெயர் வந்தாயிற்று: ஃபோர்மேன் அக்கா. பட்டறை வகுப்பில் ஆளுக்கு இரண்டு இரும்புத் துண்டு கொடுத்தார்கள். ஒன்றில் பள்ளம், மற்றதில் முனை. அரத்தால் தேய்த்து இரண்டையும் பொருத்த வேண்டும், நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. பிள்ளைகள் அரத்தைப் பல் துலக்குகிற மாதிரி முன்னும் பின்னும் இழுக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லோர் உள்ளங்கையிலும் கொப்புளம். நான் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையைத் துடைத்தேன். பட்டறை ஆசிரியர் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்னம்மா இது, வெளிச்சமே வரலையே!" என்று ஏதோ நான் தப்புச் செய்துவிட்ட மாதிரி கேட்டார். அன்றிலிருந்து அரத்தைப் பிடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்க வரிசை நிற்கிறது. பதிலுக்குப் பிள்ளைகள் எனக்கு வரைபடத் தாளை மேசையில் கோணலில்லாமல் ஒட்டித் தருகிறார்கள்.

பெரிய செய்தி ஒன்று. அந்த ஷாஃப்ட் ஏன் ஒடிந்தது என்று தெரிந்துவிட்டது! இரும்புக்கும் அலுப்பு வருமாம். ஒரே அடியில் ஒடிவதில்லை. சின்னச் சின்னச் சுமை லட்சம் தடவை வந்து போய், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு விரிசல் விழுகிறது. தடிமன் சட்டென்று மாறுகிற கூர்மூலையில்தான் அது முதலில் விழும். அந்த மூலையைக் கொஞ்சம் உருட்டிக் கடைந்திருந்தால் போதுமாம். பதினாறு ஷாஃப்ட்! நூலகத்தில் உட்கார்ந்து இதைப் படித்தபோது, "அட, இவ்வளவுதானாடா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நூலகர் வெளியே போகச் சொன்னார். சந்தோஷமாகப் போனேன்.

அறைத்தோழி உன்னை விசாரித்தாள். அப்பா என்ன சொன்னார்?

அம்மா


செப்டம்பர் 3

அன்பு அம்மாவுக்கு,

பதினாறு ஷாஃப்டுக்கும் நீதி கிடைத்ததில் மகிழ்ச்சி. அந்த இன்ஜினியருக்கு ஒரு கடிதம் போடேன், சொன்னால் புரியுமா என்று பார்ப்போம்.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது உப்பு டப்பாவுக்கு அடியில் இருந்தது. காற்று பலமாக அடித்திருக்கும்.

பட்டறை வந்துவிட்டது, வரைபடம் வந்துவிட்டது, நூலகர்கூட வந்துவிட்டார். கணக்கு எங்கே?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


அக்டோபர் 25

அம்மா,

ஒன்பது வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? வார்டனுக்குப் போன் போட்டேன். "நல்லா இருக்காங்க, இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போறாங்க" என்றார். டீ குடிக்க நேரமிருக்கிறது.

இரண்டு வார்த்தை எழுதினால் போதும். இங்கே கேட்காத ஒருவரும் கேட்கத் தொடங்கிவிட்டார். தபால்காரரைப் பார்த்தால் பஸ்ஸை மெதுவாக்குகிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்.

வாலு


நவம்பர் 6

கண்ணு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் சரியில்லை. கோபித்துக்கொள்ளாதே. பொய் எழுதப் பிடிக்கவில்லை, உண்மை எழுதவும் கை வரவில்லை, அதனால்தான் எழுதவே இல்லை.

முதல் பருவத் தேர்வு முடிந்து மதிப்பெண் வந்துவிட்டது. பட்டறையில் வகுப்பிலேயே முதல். வரைபடத்தில் எழுபது. கணக்கில் நூற்றுக்கு இருபத்துமூன்று. தேறுவதற்கு நாற்பது வேண்டும்.

நுண்கணிதம் என்று ஒன்று. பிள்ளைகள் கால்குலஸ் என்கிறார்கள். விரிவுரையாளர் பலகையில் எழுதும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கிறது. அறைக்கு வந்து நோட்டைத் திறந்தால், என் கையெழுத்தில் வேறு யாரோ எழுதின மாதிரி இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் கழித்துக் கணக்கு நோட்டைத் தொடுகிறேன். பிள்ளைகள் எல்லாம் போன வருடம்தான் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள்.

விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். நாற்காலி கொடுத்தார். "அக்கா, நீங்க ஒரே தப்பைத்தான் எல்லா எடத்துலயும் பண்றீங்க. ஒண்ணு குறையறதும், அது கூடுற வேகம் குறையறதும் உங்களுக்கு ஒண்ணாவே தெரியுது" என்றார். மறுபடி விளக்கினார். நானும் தலையாட்டினேன். வெளியே வந்து படியில் நின்று யோசித்தேன். எதற்குத் தலையாட்டினேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 8-ஆம் தேதி மறுதேர்வு. அதிலும் போனால் கம்பெனி விடுப்பு ரத்து. அதற்கு முன்பே நானாக வந்துவிடலாமா என்று தோன்றுகிறது. தோற்று வருவதைவிட, பிடிக்கவில்லை என்று வருவது கொஞ்சம் கௌரவம்தானே?

அப்பாவிடம் சொல்லாதே. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அம்மா


நவம்பர் 14

அன்பு அம்மாவுக்கு,

முதலில் ஒன்று. நீ பெட்டியைக் கட்டினால் நான் கதவைத் திறக்க மாட்டேன். வாசலிலேயே உட்கார்ந்து முட்டை சாப்பிட வேண்டியதுதான்.

இரண்டாவது, அப்பாவிடம் நானாக எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது, பாடம். கவனமாகப் படி. விரிவுரையாளர் சொன்ன அந்தத் தப்பைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

பஸ்ஸில் டிரைவருக்கு எதிரே இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் எண். இன்னொன்று வேக முள். அந்த எண் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று சொல்வதுதான் முள்ளின் வேலை. ஒன்று மாறும் வேகத்தைக் கண்டுபிடிப்பது, வகையிடல் என்று உங்கள் புத்தகத்தில் இருப்பது, இவ்வளவுதான்.

இப்போது மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்குப் போ. கால் கிளட்சில் இருக்கும் அந்த ஒரு நொடி முள் லேசாகச் சோர்ந்து இறங்கும். அதற்காகக் கிலோமீட்டர் எண் பின்னால் போகிறதா? போகாது. முள் இறங்கினால் வண்டி பின்னால் போகிறது என்று அர்த்தமில்லை. முன்னால்தான் போகிறது, கொஞ்சம் மெதுவாக. நிறையப் பேர் இங்கேதான் குழம்புவார்கள்.

நின்றுகொண்டு வரும் பயணி எப்போது தடுமாறுகிறார்? அறுபதில் ஓடும்போதா? இல்லை. அறுபதில் சீராகப் போனால் நின்றபடியே தூங்குவார். அறுபது சட்டென்று நாற்பதானால்தான் பக்கத்தில் இருப்பவர் மடியில் போய் விழுவார். ஆளைத் தள்ளுவது வேகம் இல்லை, வேகத்தின் மாற்றம். வகையிட்டதையே இன்னொரு தடவை வகையிடச் சொல்கிறார்களே, அது இந்தத் தள்ளாட்டத்தைப் பற்றித்தான்.

கடைசியாக, மேம்பாலம். ஏறும்போது சரிவு மேல்நோக்கி, இறங்கும்போது கீழ்நோக்கி. உச்சியில் ஒரு கணம் இரண்டும் இல்லை. 'பெரிய மதிப்பைக் கண்டுபிடி' என்று கேள்வி வந்தால் பதறாதே. மேம்பாலத்தின் உச்சி எங்கே என்றுதான் கேட்கிறார்கள். சரிவு பூஜ்யமாகும் இடத்தைத் தேடு.

இதோடு தனித்தாளில் ஆறு கணக்கு இருக்கிறது. செய்து அனுப்பு. தாமதமாக வந்தால் டிப்போவில்... இல்லை, என்னிடம் திட்டு விழும்.

வாலு


டிசம்பர் 2

என் வாலுவுக்கு,

நலமாக இருக்கிறேன், நிஜமாகவே. ஆறு கணக்கையும் செய்து இதோடு வைத்திருக்கிறேன். அறைத்தோழி திருத்தினாள். ஐந்து சரி. ஆறாவதில் கூட்டல் தப்பு. கூட்டலில்தான் தப்பு! கால்குலஸில் இல்லை! அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

முள் இறங்கினால் வண்டி பின்னால் போவதில்லை. எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். நேற்று வகுப்பில் விரிவுரையாளர் ஒரு வளைகோட்டை வரைந்து, "இங்க என்ன ஆகுது?" என்று கேட்டார். நான், "கியர் மாத்துறான் சார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா சொல்றது சரி. எழுதிக்கோங்க" என்றார். அறுபது பேரும் கியர் மாற்றுவதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து இன்டெக்ரேஷன். நீளமான எஸ் எழுத்தைப் பார்த்தாலே பாம்பைப் பார்த்த மாதிரி இருக்கிறது. அதையும் இதே மாதிரி எழுதி அனுப்பு.

ஒன்று கேட்கிறேன். நீ சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டினதில்லை. கிளட்சில் கால் இருக்கும்போது முள் சோர்வது உனக்கு எப்படித் தெரிந்தது?

அம்மா


டிசம்பர் 11

அன்பு அம்மாவுக்கு,

அறைத்தோழிக்கு என் சார்பில் நன்றி. கூட்டல் தப்புக்கு உனக்கு மன்னிப்பு உண்டு, ஒரு தடவை மட்டும்.

நேரமில்லை, நேராகப் பாடம். வண்டியில் கிலோமீட்டர் எண் ரிப்பேர் ஆகிவிட்டது. வேக முள் மட்டும் வேலை செய்கிறது. சாயங்காலம் டிப்போவில், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாய் என்று கேட்பார்கள். என்ன செய்வாய்?

நிமிடத்துக்கு ஒரு தடவை முள்ளைப் பார். அந்த வேகத்தில் ஒரு நிமிடம் போனால் எவ்வளவு தூரமோ அதைக் குறித்துக்கொள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டு. காலியான ரோட்டில் இது சரியாக வரும். மார்க்கெட் நெரிசலில் வராது, ஒரு நிமிடத்துக்குள் முள் பத்துத் தடவை ஆடும். அப்படியென்றால் பத்து நொடிக்கு ஒரு தடவை பார். இன்னும் சரியாக வேண்டுமா? நொடிக்கு ஒரு தடவை பார். இப்படியே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதிரே வருகிறவன் மேல் மோதிவிடுவாய். அதனால் அந்த வேலையை நீளமான எஸ்ஸிடம் விட்டுவிடு. அது அசராமல் பார்க்கும், அசராமல் கூட்டும். அது பாம்பு இல்லை அம்மா, பொறுமைசாலி.

பத்துக் கணக்கு இணைத்திருக்கிறேன். இனி ஜனவரி 8 வரை வாரம் ஒரு தாள் வரும். கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதே, கணக்கை மட்டும் அனுப்பு. அப்பா நன்றாக இருக்கிறார். இப்போது பருப்பு வேகிறது.

வாலு

பி.கு. நீ கடைசியில் கேட்ட கேள்வி என் பாடத்திட்டத்தில் இல்லை.


ஜனவரி 19

என் அருமை வாலுவுக்கு,

அறுபத்துநாலு.

இந்த எண்ணைத் தவிர வேறெதுவும் எழுதாமல் உறையை ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அறுபத்துநாலு! பட்டியலைப் பார்த்துவிட்டு நாலு மாடியும் ஓடி ஏறினேன். முழங்காலுக்கு விஷயம் தெரிவதற்குள் மேலே போய்விட்டேன்.

தேர்வு அன்று முதல் கேள்வியைப் படித்தேன், ஒன்றும் ஓடவில்லை. சரி, வண்டியை எடுப்போம் என்று நினைத்துக்கொண்டேன். மேம்பாலம் வந்தது. அப்புறம் மார்க்கெட் வந்தது. நிறுத்தம் நிறுத்தமாகப் போய்க்கொண்டே இருந்தேன். மணி அடித்தபோது ஒரு கேள்விதான் பாக்கி.

விரிவுரையாளர் கூப்பிட்டனுப்பினார். இரண்டு விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இந்த இருவத்திமூணும் இந்த அறுவத்திநாலும் ஒரே ஆள்தானா அக்கா?"

"ஒரே ஆள்தான் சார்."

"யார்கிட்ட டியூஷன் போனீங்க?"

"வீட்லதான் சார். தபால்ல."

"யாரு வீட்ல?"

கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை. ஏழு தாளும் என் மேசையில் இருக்கின்றன. கையெழுத்து உன்னுடையது. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பஸ் டிப்போவின் டிரிப் ஷீட். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், டிரைவர் எண். பத்தொன்பது வருடமாக நான் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுத் துவைக்கிற தாள் அது, எனக்கா தெரியாது?

ஆனால் அவராகச் சொல்லாததை நான் சொல்லிக்காட்ட மாட்டேன். நீயும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இந்தக் கடிதத்தைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வை. காற்று அடித்தால் அடிக்கட்டும்.

உன்னைக் கட்டிக்கொள்ளும்,
அம்மா


பிப்ரவரி 2

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று டிரிப் ஷீட் வீணாகிவிட்டது. அதனால் ஆரம்பிக்காமலே எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள். உன் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு, ஓடி ஏறாதே.

காற்று அடித்தது. எல்லாக் கடிதத்தையும் படித்தேன், முதல் கடிதத்திலிருந்து. நீ அக்டோபரில் எழுதாமல் இருந்தபோது எனக்குச் சரியாக ஓட்ட வரவில்லை. ஒரு நாள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னால் ஒரு பெரியம்மா, "தம்பி, ஊரைச் சுத்திக் காட்டப் போறியா?" என்று சத்தம் போட்டார். பத்தொன்பது வருடத்தில் நான் நிறுத்தத்தைத் தாண்டினது அன்றைக்குத்தான்.

நவம்பரில் நீ வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நீ போகக் கூடாது என்று சொன்னவன் நான்தானே. சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இருபத்துமூன்று மார்க்குக்காக இவள் திரும்பி வருவதா என்று. வாலுவைக் கூப்பிட்டு, "இந்தக் கணக்கு என்ன சொல்லுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். "உங்களுக்கு எதுக்குப்பா?" என்றாள். "எனக்குப் புரிஞ்சா உங்கம்மாவுக்குப் புரியும்" என்றேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் எடுத்த மார்க்கை உனக்குச் சொன்னதே இல்லை. இருபத்துமூன்று அதற்கு மேலே.

காலை டியூட்டி முடித்து வந்ததும் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவோம். முதல் நாலு நாள் அவள் அழுதாள், நான் கத்தினேன். ஐந்தாம் நாள் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது உச்சியில் எனக்கு விளங்கிவிட்டது. வண்டியை ஓரம் கட்டி எழுதிக்கொண்டேன். பயணிகள் ரிப்பேர் என்று நினைத்தார்கள். கண்டக்டரிடம் மட்டும், "சரிவு பூஜ்யம்யா" என்றேன். அவன் அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

நான் சொன்னேன் என்று எழுதாதே என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஏன் என்றால், தப்பாகப் போயிருந்தால் என்னால்தான் தோற்றாய் என்று ஆகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. எழுதிவிடுகிறேன். நீ இன்ஜினியர் ஆகிவிட்டால் சாயங்காலம் டிரைவரோடு உட்கார்ந்து என்ன பேசுவாய் என்று பயந்தேன். ஊர் சிரிக்கும் என்று உன்னிடம் சண்டை போட்டது எல்லாம் பொய். ஊரைப் பற்றி நான் என்றைக்குக் கவலைப்பட்டேன்?

ஒரு சந்தேகம். உன் பாடத்திட்டத்தில் அடுத்த பாடம் என்ன என்று பார்த்தேன். வகைக்கெழுச் சமன்பாடு என்று போட்டிருக்கிறது. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பத்துப் பக்கம் படித்தேன். தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. வாலுவுக்கும் தெரியவில்லை, அவள் புத்தகத்தில் அது இல்லையாம். நீ படித்ததும் எழுது.

கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். ஸ்டியரிங் பிடித்த கை.


பிப்ரவரி 10

அன்பானவருக்கு,

நான் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், வலி குறைந்துவிட்டது. உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். அறைத்தோழி எண்ணிக்கொண்டிருந்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தேர்வில் நான் போட்ட கணக்கைப் பலகையில் போட்டுக்காட்டச் சொன்னார் விரிவுரையாளர். மார்க்கெட், முள், எதிரே வருகிறவன் மேல் மோதுவது, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் முன்வரிசைப் பையன் எழுந்து, "ஃபோர்மேன் அக்கா, இது எந்தப் புக்குல இருக்கு?" என்றான்.

"புக்குல இல்லப்பா. என் வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தது."

"அவரு எந்தக் காலேஜ்ல ப்ரொஃபசரா இருக்காரு?"

"பஸ் ஓட்டுறாரு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அறுபது பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இந்தத் தடவை ஆள் மாறாட்டம் இல்லை, தெரிந்துதான் நின்றார்கள். கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக ஒடித்துவிட்டேன்.

டிரைவரோடு என்ன பேசுவாய் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தொன்பது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து நாம் பேசியதைவிட, இந்த மூன்று மாதம் வாலு பெயரில் பேசியது அதிகம். அவளைக் கேளுங்கள், சாட்சி சொல்வாள்.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். புத்தகத்தை மூடி வையுங்கள். ஒரு டம்ளர் கொதிக்கிற தேநீர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அது மளமளவென்று ஆறும். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவ்வளவு வேகமாக ஆறாது. எவ்வளவு சூடு மிச்சமிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் ஆறும் வேகம். இதுவரை நாம் முள்ளைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடித்தோம். இப்போது முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கிறது. அதை ஒரு வரியில் எழுதினால் அதுதான் அந்தச் சமன்பாடு. மீதி இதோடு இருக்கும் நாலு பக்கத்தில். மூன்று கணக்கும் கொடுத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்குள் வர வேண்டும்.

வாலுவைக் கொண்டு எழுதி அனுப்பக் கூடாது. நீங்களே எழுதுங்கள். உங்கள் கையெழுத்து எனக்கு வாசிக்க வருகிறது.

உங்கள் ஃபோர்மேன்